சீனச்சட்டியும் இட்லிக்கொப்பரையும்: செட்டிநாட்டு அடுப்படியில் ஆசிய மீன் சமையல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் 14 வருஷம் குடித்தனம் பண்ணிவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியவள் நான். இப்போது வீட்டின் பின்கட்டில் நாலைந்து பேருக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் மீன் குழம்பில் கை தேர்ந்தவர்கள்தான். ஆனால் சீன மீன், மலாய் மீன், பர்மா மீன் என்று பேச்சு திரும்பியதும் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைத்துவிட்டேன்.

நம்மிடம் இல்லாத மீன் குழம்பா? இதெல்லாம் நமக்கு எதுக்கு ஆச்சி?

நாக்குக்குத்தான், வேறெதற்கு? ஆனாலும் இந்தக் கேள்வியைச் செட்டிநாட்டில் நின்றுகொண்டு கேட்பது கொஞ்சம் வேடிக்கை. முகப்பில் நிற்கும் தூண் பர்மாத் தேக்கு. கல்யாணத்தில் பரிமாறும் கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது. வாணலியைச் சீனச்சட்டி என்கிறோம். பீங்கான் என்கிறோமே, மலாய்க்காரர்களும் தட்டுக்குப் ‘பிங்கான்’ என்றுதான் சொல்கிறார்கள். ரங்கூன், சைகோன், பினாங்கு, ஈப்போ என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் மரம் கொண்டுவந்தார்கள், அரிசி கொண்டுவந்தார்கள், மங்குச் சாமான் கொண்டுவந்தார்கள். மீன் சமையலை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்கள். ஏன் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு: பெரும்பாலும் ஆண்கள் மட்டும் போய், கடையும் தங்குமிடமும் ஒன்றாக இருந்த கிட்டங்கியில் தங்கி, நம்மூர்ச் சமையல்காரர் கையால் சாப்பிட்டுத் திரும்பியவர்கள் அவர்கள். பக்கத்துத் தெருவில் என்ன கொதிக்கிறது என்று எட்டிப் பார்க்க அடுப்படிக்காரிக்குத்தான் தோன்றும்.

சரி, எங்கே தொடங்குவது?

அஞ்சறைப்பெட்டியை மூடி வைப்பதில் தொடங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் குழம்பில் மசாலா முன்னால் நடக்கும், மீன் பின்னால் வரும். மீன் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் புளியும் மிளகாயும் பூண்டும் நல்லெண்ணெயும் சேர்ந்து மானத்தைக் காப்பாற்றிவிடும். நான் இங்கே சொல்லப்போகிற பலவற்றில் அந்தக் காபந்து கிடையாது. அதனால் இன்று என்ன செய்யலாம் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கடைக்குப் போகாதீர்கள். என்ன மீன் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ற சமையலை வழியில் யோசித்துக்கொண்டு வாருங்கள்.

காரைக்குடியில் கிடைக்கிற மீனில் எது எதற்கு ஒத்துவரும்?

நமக்குக் கடல் அப்படி ஒன்றும் தூரமில்லை. தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று பாக் விரிகுடாக் கரை முழுக்க நம் பக்கம்தான். அங்கே விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். நாட்டுப்படகு மீன் என்றால் அளவு குறைவாக இருக்கும், ஆனால் கிடந்து நசுங்கியிருக்காது. உங்கள் மீன்காரரிடம் ‘இது எந்தப் படகு மீன்?’ என்று நாலு தடவை கேட்டுப் பாருங்கள். ஐந்தாம் தடவை அவரே சொல்லிவிடுவார்.

ஆவியில் முழுசாக அவிக்க முதல் தேர்வு களவா, அடுத்தது கொடுவா. மலாயில் சியாக்காப், தாய்லாந்தில் ப்ளா கபொங் என்று கொண்டாடுவதெல்லாம் இந்தக் கொடுவாவைத்தான். சங்கராவும் விளைமீனும் அதே வேலைக்கு நன்றாகவே வரும், விலையும் குறைவு. புளிப்புக் குழம்பு வகைகளுக்குப் பாறை, காணாங்கெளுத்தி. சுடுவதற்கும் காணாங்கெளுத்திதான், இதையே சிலர் கும்பளா என்பார்கள், சிலர் அயிலை என்பார்கள். மண்சட்டியில் சுண்டவைக்க விராலும் கெளுத்தியும்.

வஞ்சிரத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வஞ்சிரம் வறுவலுக்குப் பிறந்தது. ஆவியில் வைத்தால் வறண்டு போகும். அந்த விலை கொடுத்து அதை அப்படிக் கெடுக்க எனக்கு மனசு வராது.

தடைக்காலத்தில் என்ன செய்வது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் விலை கேட்டால் தலை சுற்றும். அப்போது கண்மாய் மீனுக்கு மாறிவிடுங்கள். சிவகங்கைச் சீமையில் தண்ணீர் வற்றுகிற கோடையில்தான் ஊர் ஊராக மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊத்தா என்கிற மீன்பிடிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊரே இறங்கும். விரால், கெளுத்தி, கெண்டை, ஜிலேபி எல்லாம் உயிரோடு துள்ளும். வியட்நாம், பர்மா உள்நாட்டுச் சமையலுக்கு வேண்டியது இந்த ஆற்று, குளத்து மீன்கள்தான். ஆகவே தடைக்காலம் வந்தால் கடல் சமையலை விட்டு மெகோங், ஐராவதிப் பக்கம் போய்விடுவது என் வழக்கம்.

கண்மாய் மீனில் சேற்று வாடை அடிக்கிறதே?

குளத்துப் பாசியிலும் நுண்ணுயிரிலும் உண்டாகிற ஒரு பொருள் மீனின் தோலிலும் கொழுப்பிலும் தங்குவதால் வருகிற வாடை அது. புளிப்பு பட்டால் குறையும். கல் உப்பு போட்டு வழுவழுப்புப் போகத் தேய்த்து, உள்ளே இருக்கும் கறுப்புச் சவ்வை எடுத்துவிட்டு, புளித்த மோரிலோ புளித்தண்ணீரிலோ கால் மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். விராலைக் கல்லில் உரசிக் கழுவ உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கடல் மீன் புதுசா, பழசா என்று பார்ப்பது நமக்குத் தெரியும். அதற்கு மேல் ஏதாவது உண்டா?

கண் பிதுங்கி, செவுள் சிவந்து, தொட்டால் குழி விழாமல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்ததுதான். கூடுதலாக ஒன்று. காணாங்கெளுத்தி, சூரை, மத்தி இந்த மூன்றும் ஐஸ் இல்லாமல் வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது, ஃப்ரீஸரில் வைத்தாலும் போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு அரிக்கும். ‘எனக்கு அயிலை ஒத்துக்காது’ என்று சொல்கிறவர்களில் சிலருக்கு ஒத்துக்காதது அயிலை இல்லை, அது கிடந்த வெயில். வாயில் வைத்ததும் மிளகு கடித்தது மாதிரிச் சுரீர் என்றால் துப்பிவிடுங்கள்.

ஆவியில் அவிக்க மூங்கில் தட்டெல்லாம் வாங்கணுமா?

வேண்டாம். இட்லிக்கொப்பரையை விட நல்ல ஸ்டீமர் உலகத்தில் இல்லை. இட்லித் தட்டை எடுத்துவிட்டு, அடியில் ஒரு பிரிமனையோ கிண்ணமோ கவிழ்த்து, அதன் மேல் மீன் தட்டை வைக்கிற மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். தட்டைச் சுற்றி ஆவி ஏற ஒரு விரல் இடம் விட்டிருக்க வேண்டும்.

இனி கான்டன் பக்கத்துச் சீனர்கள் செய்கிற முறை. 600 கிராம் அளவில் ஒரு முழு மீன், கொடுவாவோ சங்கராவோ. முதுகின் தடித்த பக்கம் இரண்டு கீறல். வயிற்றுக்குள் நாலு வட்டம் இஞ்சி. தட்டில் நேராகக் கிடத்தாமல், வாழைத்தண்டை விரல் கனத்துக்கு நறுக்கி இரண்டு மூன்று துண்டு போட்டு அதன் மேல் கிடத்துங்கள். அடிப்பக்கமும் ஆவி போய் இரண்டு பக்கமும் ஒன்றாக வேகும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் மீன் உள்ளே போக வேண்டும். மூடி 8 முதல் 9 நிமிஷம். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. இட்லி அவிக்கிற பொறுமை போதும். கண் வெள்ளையாகப் பிதுங்கி, தடித்த இடத்தில் ஈர்க்குச்சி தடையில்லாமல் முள் வரை இறங்கினால் வெந்துவிட்டது.

அடுத்ததுதான் முக்கியம். தட்டில் தேங்கியிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கவிச்சி முழுக்க அதில்தான் இருக்கிறது. ‘சத்து போகுதே’ என்று அதையே குழம்பாக ஊற்றிக்கொண்டவர்கள் என் வகுப்பில் உண்டு. அப்புறம் சீன மீன் நாறுகிறது என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். தண்ணீரை வடித்துவிட்டு மீன் மேல் வெங்காயத்தாளும் இஞ்சியும் நூல் நூலாக நறுக்கிப் பரப்புங்கள். 3 மேசைக்கரண்டி கடலை எண்ணெயைப் புகை வரக் காய்ச்சி அதன் மேல் சுற்றி ஊற்றினால் ‘சொய்ங்’ என்று ஒரு சத்தம் வரும். வராவிட்டால் எண்ணெய் காயவில்லை என்று அர்த்தம். கடைசியில் 2 மேசைக்கரண்டி லைட் சோயா, 2 மேசைக்கரண்டி வெந்நீர், 1 டீஸ்பூன் சீனி கலந்து ஓரமாக ஊற்றுங்கள். சீனர்களும் இதற்குக் கடலை எண்ணெய்தான் விரும்பி ஊற்றுகிறார்கள். நம் செக்கு எண்ணெய் வாசம் இதில் தூக்கும்.

முதல் தடவை இதை நான் ஊரில் செய்துவைத்தபோது எங்கள் அப்பத்தா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ‘ஏன் ஆத்தா, யாருக்கு உடம்பு சரியில்ல?’ என்று கேட்டார்கள். இரண்டாவது வாய்க்குத் தட்டை நீட்டியதும் அவர்கள்தான்.

மசாலா இல்லாவிட்டால் கவிச்சி அடிக்காதா?

நல்ல மீனில் அடிக்காது. அடித்தால் அது மீனின் வயசு. கடல் மீன் சாகச் சாக அதன் உடம்பிலிருக்கும் ஒரு பொருள் சிதைந்து அந்த வாடை உண்டாகிறது. எலுமிச்சை, வினிகர், புளி எதுவானாலும் அந்த வாடையைக் கட்டிப்போடும். இஞ்சி அதை மறைக்கும். மஞ்சள் போடாமல் மீன் கழுவ மனசு கேட்கவில்லை என்றால் போட்டுக் கழுவிவிடுங்கள், குடி முழுகிப் போகாது. ஆனால் கழுவியபின் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஈர மீன்தான் சட்டியில் ஒட்டும், தோல் உரியும்.

எலுமிச்சைச் சாறு ஊற்றுகிற தாய்லாந்து மீன் எப்படி?

மேலே சொன்ன மாதிரியே அவித்து, சோயாவுக்குப் பதில் வேறு சாறு. 4 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 3 மேசைக்கரண்டி பிஷ் சாஸ், 1 மேசைக்கரண்டி சீனி, அரை கப் சூடான மீன் தலைச் சாறு, பொடியாக நறுக்கிய பூண்டும் பச்சை மிளகாயும் தாராளமாக. எலுமிச்சையை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள், கசந்துவிடும். நம் ஆள்களுக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போவது இதுதான். புளிப்பும் உறைப்பும் கண்ணைத் திறக்கும்.

பிஷ் சாஸ் கிடைக்கவில்லை. விட்டுவிடலாமா?

விடக்கூடாது. தாய்லாந்தில் அதன் பேர் ‘நாம் ப்ளா’, வியட்நாமில் ‘நுவோக் மாம்’. நெத்திலியையும் உப்பையும் தொட்டியில் அடுக்கி, வருஷக்கணக்கில் புளிக்கவைத்து வடிக்கிற சாறு அது. உப்பு என்று நினைத்துப் பதிலுக்கு உப்புப் போட்டால் சமையல் நொண்டும். மதுரை, திருச்சிப் பெரிய கடைகளில் பாட்டில் கிடைக்கிறது, தபாலிலும் வருகிறது. வாங்கும்போது நெத்திலி, உப்பு, மிஞ்சினால் சீனி, அவ்வளவுதான் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கடையில் எனக்குக் கொடுத்த பாட்டிலில் சாயமும் உப்புத்தண்ணீரும்தான் இருந்தது. தேதியும் முடிந்திருந்தது.

பாட்டில் வரும் வரை நம் கருவாடு கைகொடுக்கும். 50 கிராம் நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் மண் போக அலசி, வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, ஒன்றரை கப் தண்ணீரும் 1 டீஸ்பூன் உப்பும் சேர்த்துக் கால் மணி நேரம் சின்னத் தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஒரு சிட்டிகை வெல்லம். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். புளித்த வாசம் இதில் வராது, ஆனால் அந்த அடிச்சுவை வந்துவிடும். கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்துகிற மருமகள், மருமகன் வீட்டில் இருந்தால் அவர்கள் வெளியே போன நேரமாகப் பார்த்துச் செய்யவும்.

சோயா சாஸில் எது?

நம் ஊர்க் கடைகளில் அதிகம் இருப்பது டார்க் சோயா. அது நிறத்துக்கு. மீனுக்கு வேண்டியது லைட் சோயா, நிறம் குறைவு, உப்பு அதிகம். டார்க்கைக் கொட்டினால் வெள்ளை மீன் கரி மீனாகிவிடும். இரண்டிலும் உப்பு இருப்பதால் தனி உப்பைக் கடைசியில், ருசி பார்த்த பிறகே போடுங்கள்.

நல்லெண்ணெய் ஊற்றலாமா? சீனர்களும் எள்ளெண்ணெய்தானே?

அவர்கள் எள்ளை வறுத்து ஆட்டுகிறார்கள், நாம் வறுக்காமல். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்து வெவ்வேறு ஊரில் வளர்ந்த பிள்ளைகள். அந்த வாசம் வேண்டுமென்றால் ஒரு ஸ்பூன் எள்ளைச் சிவக்க வறுத்து நுணுக்கி, சூடான நல்லெண்ணெயில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு வடித்துக்கொள்ளுங்கள். சில சொட்டு போதும்.

லெமன்கிராஸ், கலாங்கல், காஃபிர் லைம் என்று போடச் சொல்கிறார்கள். காரைக்குடியில் எங்கே போவது?

லெமன்கிராஸ் என்பது எலுமிச்சம்புல், பினாங்குத் தமிழர்கள் செரை என்பார்கள். நர்சரியில் ஒரு தூர் வாங்கிக் கிணற்றடியில் வைத்தால் ஒரே வருஷத்தில் புதராகிவிடும். சமையலுக்கு அடித்தண்டு, ஒரு சாண் நீளம் மட்டும். அம்மியில் ஒரு தட்டுத் தட்டிப் போட வேண்டும். மேல் தழையைக் கிள்ளிப்போட்டு வாசமே வரவில்லை என்று சொல்கிறவர்கள் அதிகம்.

கலாங்கல் என்பது பேரரத்தை. நாட்டு மருந்துக்கடையில் காய்ந்த துண்டாகக் கிடைக்கும். இருமலுக்கு இழைத்துக் கொடுப்போமே சித்தரத்தை, அதன் அக்காள் இது. காய்ந்தது மருந்து வாடை தூக்கலாக இருக்கும், அரை அங்குலத் துண்டை வெந்நீரில் ஊறவைத்துத் தட்டிப் போட்டு, பரிமாறும்போது எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இஞ்சியோடு இரண்டு மிளகு.

காஃபிர் லைம் இலைக்கு நாரத்தை இலை. வேப்பிலைக்கட்டிக்கு இடிக்கிறோமே, அதே கொழுந்து. நரம்பை உரித்துவிட்டு மயிரிழையாக நறுக்கினால் வாசம் பக்கத்து வளவு வரை போகும். அச்சு அசலாக அதே வாசமா என்றால் இல்லை. ஆனால் பையில் அடைத்து வருகிற காய்ந்த இலையை விட இது எவ்வளவோ மேல்.

பெலாச்சான்?

சின்ன இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து அடையாகக் கட்டுவது. பதிலுக்குச் சென்னாக்குன்னியை, அதாவது காய்ந்த பொடி இறாலை வறுத்துப் பொடித்து, சிட்டிகை உப்போடு மிளகாய் அரைக்கும்போது சேர்த்து அரையுங்கள். 1 டீஸ்பூன் போதும்.

மலாய்க்காரர்களின் அசாம் பெடாசும் நம் புளிக்குழம்பும் ஒன்றுதானே?

தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று மாதிரித்தான் தெரியும். புளி, வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள் எல்லாம் இருக்கிறது. ஆனால் அதில் மல்லி கிடையாது, சோம்பு கிடையாது, வெந்தயம் கிடையாது, தேங்காயும் கிடையாது. இந்த நாலும் இல்லாமல் ஒரு மீன் குழம்பை நம் கை வைத்துவிடுமா என்பதுதான் பரீட்சை. என் வகுப்பில் பாதிப் பேர் கடைசி நிமிஷத்தில் நாலு வெந்தயத்தைத் தட்டிவிட்டுத் திருட்டு முழி முழிப்பார்கள்.

ஊறவைத்த வரமிளகாய் 10, சின்ன வெங்காயம் 10, பூண்டு 4 பல், விரல் நுனி அளவு பச்சை மஞ்சள், பெலாச்சான் அல்லது சென்னாக்குன்னிப் பொடி எல்லாவற்றையும் நைய அரைத்து, எண்ணெய் பிரியும்வரை, அதாவது பச்சை வாடை சுத்தமாகப் போகும்வரை வதக்க வேண்டும். குறைந்தது 10 நிமிஷம். பிறகு புளித்தண்ணீர், தட்டிய எலுமிச்சம்புல், முழு வெண்டைக்காய் நாலைந்து. கொதி வந்ததும் காணாங்கெளுத்தி அல்லது பாறைத் துண்டுகள். அங்கே கெசும் என்று ஒரு தழை போடுவார்கள். அது இல்லாதபோது புதினாவும் மல்லித்தழையும் பாதிப் பாதி.

புளி விஷயத்தில் ஆசியா முழுக்கச் சொந்தக்காரர்கள்தான். பிலிப்பைன்ஸில் சினிகாங் என்று ஒரு புளிச்சாறு. புளியங்காய், முள்ளங்கி, வெண்டைக்காய், மீன், மிளகாய் ஒன்றிரண்டு, வேறு மசாலா இல்லை. காய்ச்சல்காரர்களுக்குக்கூடக் கொடுக்கலாம். இலங்கையில் கொறுக்காய்ப்புளியும் மிளகும் அரைத்துச் சூரைமீனைப் பிரட்டி, தண்ணீர் சுண்டும்வரை வேகவைத்த அம்புல் தியல். அந்தப் புளிப்பினால் அது வெளியிலேயே இரண்டு மூன்று நாள் கெடாமல் இருக்கும்.

எங்க ஐயா ரங்கூன்ல சாப்பிட்ட மொஹிங்காவைப் பத்தியே பேசிக்கிட்டிருப்பாங்க. வீட்டில் வருமா?

வரும். செட்டிநாட்டு அடுப்படிக்கு இதைவிடச் சுலபமான பரதேசச் சமையல் இல்லை. எல்லாச் சாமானும் நம்மிடம் இருக்கிறது. மொஹிங்கா பர்மாக்காரர்களின் காலைப் பலகாரம்: அரிசிச் சேமியா மேல் கெட்டியான மீன் சாறு. சேமியாவுக்கு நம் இடியாப்பம் அல்லது சேவை.

அரைக் கிலோ கெளுத்தி அல்லது விராலை மஞ்சள், உப்பு, தட்டிய எலுமிச்சம்புல் இரண்டு தண்டு போட்டு 2 லிட்டர் தண்ணீரில் வேகவையுங்கள். மீனை எடுத்து முள் நீக்கி உதிர்த்துவிட்டு, தலையும் முள்ளும் மறுபடி அதே தண்ணீரில் அரை மணி நேரம். இதற்கிடையில் சீனச்சட்டியில் கடலை எண்ணெய் தாராளமாக ஊற்றி, வெங்காயம், பூண்டு, இஞ்சி, எலுமிச்சம்புல்லின் உள்குருத்து, வரமிளகாய் அரைத்த விழுதை வதக்கி, உதிர்த்த மீனையும் போட்டுச் சுருள வறுங்கள். வடிகட்டிய சாற்றில் இதைச் சேர்த்து, வறுத்த அரிசி மாவு 3 மேசைக்கரண்டி, வறுத்த கடலை மாவு 3 மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். வட்டமாக நறுக்கி நார் எடுத்த இளம் வாழைத்தண்டு, முழுச் சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பிஷ் சாஸ், மிளகு. சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். ரசத்துக்கும் குழம்புக்கும் நடுவில் ஒரு பதம்.

மேலே அவித்த முட்டை, மல்லித்தழை, வறுத்த மிளகாய்ப்பொடி, எலுமிச்சை. மொறுமொறுவென்று ஒரு பருப்புப் பொரியலும் உடைத்துப் போடுவார்கள். அதற்கு நம் பருப்பு வடையைத் தட்டையாகத் தட்டிக் கூடக் கொஞ்ச நேரம் பொரித்தால் சரியாக இருக்கும். உங்கள் ஐயா ‘ஙப்பி’ என்கிற பர்மாவின் புளித்த மீன், இறால் விழுது வாசம் இல்லையே என்பார். சென்னாக்குன்னிப் பொடி ஒரு ஸ்பூன் சேர்த்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

விராலைக் குழம்பு தவிர வேறு எப்படிச் செய்யலாம்?

வியட்நாம்காரர்கள் மண்சட்டியில் சுண்டவைக்கிற ‘கா கோ தோ’. கெளுத்தியிலும் செய்வார்கள், விராலிலும் செய்வார்கள். மண்சட்டியில் 3 மேசைக்கரண்டி சீனி போட்டு, கடுந்தேயிலை நிறம் வரும்வரை உருக்குங்கள். ஒரு கண் அசந்தால் கரிந்து கசக்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். உடனே ஒரு டம்ளர் இளநீர், தெறிக்கும், தள்ளி நின்று ஊற்றவும். 3 மேசைக்கரண்டி பிஷ் சாஸ், தட்டிய சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய். அதில் கனமான விரால் துண்டுகளை அடுக்கி மூடி, சின்னத் தீயில் 40 நிமிஷம், பாதியில் ஒரு தடவை மெதுவாகத் திருப்பி. சாறு பாகு மாதிரிச் சுருண்டதும் ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு, நிறைய. மீனில் இனிப்பா என்று முகம் சுளிக்க வேண்டாம். அந்த இனிப்பு கருகலின் ஓரத்தில் நிற்பது; சோற்றில் பிசைந்தால் தெரியும். சைகோனில் கடை வைத்திருந்த வீடுகளில்கூட இதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை, அதில் எனக்கு ஒரு மனத்தாங்கல்.

ஜப்பான் முறையில்?

காணாங்கெளுத்தியை முதுகோடு பிளந்து, எடைக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு உப்பு, அதாவது 500 கிராமுக்கு 10 கிராம், இரண்டு பக்கமும் தூவி அரை மணி நேரம் வையுங்கள். கசியும் நீரைத் துடைத்துவிட்டுத் தணலிலோ தோசைக்கல்லிலோ தோல் பக்கம் முதலில் சுடுங்கள். துருவிய முள்ளங்கி, எலுமிச்சை. வேறொன்றும் வேண்டாம். தணல் இருக்கிற நாளில் இன்னொரு மீனை மிளகாய் விழுது தடவி வாட்டிய வாழையிலையில் மடித்துச் சுட்டால் அது இந்தோனேசியச் சமையலாகிவிடும்.

சுஷி, பச்சை மீன் எல்லாம் வீட்டில் செய்யலாமா?

கூடாது. கடல் மீனிலும் புழு உண்டு. அதைக் கொல்ல மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைக்க வேண்டும் என்பது விதி. நம் வீட்டு ஃப்ரீஸர் மைனஸ் 18 தொட்டாலே பெரிசு, நடுவில் கரண்ட் வேறு போகும். கண்மாய் மீனைப் பச்சையாகத் தொடவே வேண்டாம். தாய்லாந்தின் வடகிழக்கில் பச்சை ஆற்றுமீன் தின்கிற பழக்கத்தால் கல்லீரல் புழு வந்து, அது புற்றுநோய் வரை போகிறது. எலுமிச்சைச் சாற்றில் ஊறினால் மீன் வெள்ளையாகும், புழு சாகாது.

அஜினோமோட்டோ?

1908ல் ஜப்பானில் இகேதா என்கிற வேதியியல் பேராசிரியர் கடல்பாசிச் சாற்றின் ருசியைத் தேடிப்போய்க் கண்டுபிடித்தது. அளவாகப் போட்டால் விஷமில்லை. ஆனால் பிஷ் சாஸோ கருவாட்டுச் சாறோ ஊற்றுகிற இடத்தில் அதற்கு வேலையும் இல்லை.

சிங்கப்பூர் மீன் தலைக்கறி நம்முடையதா, சீனர்களுடையதா?

1949ல் சிங்கப்பூரில் எம்.ஜே. கோமஸ் என்கிற மலையாளி தன் கடையில் தொடங்கிவைத்தது என்பார்கள். குழம்பு நம் தென்னாட்டுக் குழம்பு. தலையைச் சீனர்கள் விரும்பித் தின்பதைப் பார்த்து முழுத் தலையை அதில் இறக்கினார். ஆக யார் வீட்டுப் பிள்ளை என்று சண்டை போட வேண்டாம். சங்கராத் தலை ஒரு கிலோவுக்கு மேல் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். கன்னத்துச் சதை யாருக்கு என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது.

வெள்ளி, கார்த்திகை, விரத நாளில் இதே சாறுகளை மீன் இல்லாமல் செய்யலாமா?

இஞ்சி, வெங்காயத்தாள், சுட்ட எண்ணெய், சோயா இந்த நாலையும் அவித்த பூசணி மேலும் கத்தரிக்காய் மேலும் ஊற்றலாம். பாத்திரம் மட்டும் வேறு. பின்கட்டுச் சாமானை முன்கட்டுக்குக் கொண்டுவந்து என் பேரைச் சொல்லிவிடாதீர்கள்.

மிச்சம் மீனை மறுநாள் சாப்பிடலாமா? குழம்பு மறுநாள்தானே ருசி?

நம் குழம்பு அப்படித்தான், அசாம் பெடாசும் அப்படித்தான், மண்சட்டியில் சுண்டவைத்த விரால் மூன்றாம் நாள்கூட நன்றாக இருக்கும், ஃப்ரிட்ஜில் வைத்தால். ஆவியில் அவித்தது மட்டும் அன்றைக்கே முடிய வேண்டும், மறுபடி சூடு பண்ணினால் பஞ்சாகிவிடும். மிஞ்சினால் முள் பார்த்து உதிர்த்து, ராத்திரியே குழைய வடித்த பச்சரிசிக் கஞ்சியில் இஞ்சியோடு போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அதற்காகவே ஒரு மீன் கூடுதலாக அவிக்கிறோம்.